ஓடையோரத்து மக்களுக்கும் பங்கு வேண்டும்

தெஹியோவிட்ட, தெரணியகல தோட்டப் பகுதிகளை உள்ளடக்கிய கேகாலை மாவட்டம் மழைக்குக் குறைவில்லாதது. அதன் மலைச்சரிவுகளில் தனியார் அமைத்த சிறு நீர்மின் நிலையங்கள் தேசிய மின்கட்டமைப்புக்கு மின்சாரம் வழங்குகின்றன. ஒருகாலத்தில் தேயிலைத் தொழிற்சாலைகளை இயக்கிய சிறு நீர்மின் இயந்திரங்கள் பல கைவிடப்பட்டிருந்தன. 1990களின் பிற்பகுதியில் இலங்கை மின்சார சபை, 10 மெகாவாட் வரையான நிலையங்களுடன் பொது ஒப்பந்தம் செய்ய முன்வந்ததே இத்துறை மீண்டும் தழைக்க வழிவகுத்தது. எரிபொருள் இறக்குமதிக்கு அந்நியச் செலாவணியைச் செலவிடும் நாட்டுக்கு இது பேருதவியாகும்.

2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது இவ்வுற்பத்தியாளர்களுக்கான கொடுப்பனவுகள் மாதக்கணக்கில் நிலுவையாயின. வாங்கிய மின்சாரத்துக்கு உரிய காலத்தில் பணம் செலுத்தப்பட வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை.

ஆயினும், வாங்குபவரும் விற்பவரும் கைச்சாத்திடும் ஒப்பந்தத்தில் இடம்பெறாத தரப்பொன்றும் உண்டு. தடுப்பணையில் திருப்பப்படும் நீர், மின் நிலையத்தைக் கடந்த பின்னரே மீண்டும் ஆற்றில் சேர்கிறது. இடைப்பட்ட பகுதியில் நீர் வற்றுமாயின், குளிக்கவும் துவைக்கவும் ஓடையை நம்பியிருக்கும் லயன் குடும்பங்களே முதலில் பாதிக்கப்படும். அவர்களும் மின்கட்டணம் செலுத்துபவர்களே.

மின்சார சபையை மறுசீரமைக்க 2024ஆம் ஆண்டில் சட்டம் நிறைவேற்றப்பட்டது. இனி எழுதப்படும் ஒப்பந்தங்களில், ஆற்றில் விடவேண்டிய குறைந்தபட்ச நீரளவைக் கண்காணிப்பதும், வருமானத்தின் ஒரு பகுதியைத் தோட்டக் குடியிருப்புகளின் நலனுக்கு ஒதுக்குவதும் நிபந்தனைகளாக வேண்டும் என வலியுறுத்துகிறோம். மலைநீரால் ஒளிபெறும் நாடு, மலையில் வாழ்வோரை மறந்துவிடலாகாது.