பிழை 47-வது வரியில்... உண்மையில் எங்கே?

'47-வது வரியில் பிழை' என்கிறது கம்ப்யூட்டர். போய்ப் பார்த்தால், அந்த வரியில் ஒரு குறையும் இல்லை. ஏன் இப்படி?

இ-புக், வேர்டு ஃபைல் எனப் பலவற்றுக்கும் உள்ளே இருப்பது எக்ஸ்.எம்.எல். 1998-ல் வந்த இதன் விதி ரொம்பக் கறார். திறந்த டேகை மூடியே ஆக வேண்டும். ஒன்றை மறந்தாலும் மொத்த ஃபைலும் செல்லாது.

இதைப் படிக்கும் மென்பொருளுக்கு 'பார்சர்' என்று பெயர். அது ஒவ்வோர் எழுத்தாக நகரும்போதே, எத்தனையாவது வரி, அதில் எத்தனையாவது எழுத்து என்று எண்ணிக்கொண்டே போகும். 12-வது வரியில் திறந்த டேகை மூட மறந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். 47-வது வரியில் வேறொரு டேக் மூடப்படும்போதுதான், கணக்கு இடிப்பது அதற்குத் தெரியும். ஆக, அது காட்டுவது பிழை பிடிபட்ட இடத்தை. பிழை நடந்த இடத்தை அல்ல.

பைத்தானுடன் வரும் 'எக்ஸ்பாட்' பார்சர் 47-ஐ மட்டுமே சொல்லும். 'லிப்எக்ஸ்.எம்.எல்2' பார்சரோ, டேக் திறந்த வரியையும் நினைவில் வைத்திருந்து, 12-ஐயும் சேர்த்துச் சொல்லும். அந்த ஓர் எண் இருந்தால், நேராக அங்கே போய்த் திருத்திவிடலாம்.

அது இல்லாதபோது? காட்டிய வரியிலேயே மல்லுக்கட்டாமல், அங்கிருந்து மேல்நோக்கித் தேடுங்கள். மூடாத டேக் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்!