நாய்க்கென்று ஒரு பை எலும்பு

ஞாயிற்றுக்கிழமை காலையில் மதுரை வில்லாபுரத்துக் கறிக்கடை எதன் முன்னால் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். அரைக் கிலோ குழம்புக் கறி வாங்கி முடித்தவர், காசை நீட்டிக்கொண்டே, "அண்ணே, நாய்க்குக் கொஞ்சம் எலும்பு போட்டு விடுங்க" என்பார். கடைக்காரரும் முகம் சுளிக்காமல், கட்டையோரம் ஒதுக்கி வைத்த துண்டுகளை அள்ளித் தனிப் பையில் போட்டுத் தருவார். அதற்குக் காசு கிடையாது. கேட்டவருக்குத் தன் வீட்டு நாய் மேல் பிரியம். கொடுத்தவருக்கு வாயில்லா ஜீவன் மேல் இரக்கம். இரண்டு நல்ல மனசுகளுக்கு நடுவே கைமாறும் அந்தப் பை, நாயின் தொண்டையில் இறங்கும்போது உயிரை எடுக்கக்கூடியது. இதை யாராவது சொன்னால், "நாய்க்கு எலும்பு ஆகாதுன்னா வேற எதுதான் ஆகும்?" என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

அந்தச் சிரிப்போடுதான் எனக்குச் சண்டை.

எலும்பு நாய்க்கென்றே படைக்கப்பட்ட உணவு என்ற நம்பிக்கை நாயின் உடம்பைப் பார்த்து உண்டானதில்லை, நம் இலையைப் பார்த்து உண்டானது. சதையை நாம் தின்றோம். மிஞ்சியதைத் தின்ன ஒரு வாய் வாசலில் காத்துக் கிடந்தது. பசித்த பிராணி கிடைத்ததைத் தின்றது. உடனே அதுதான் அதற்குப் பிடித்தது என்றோம். பிடித்தது என்று சொல்லிச் சொல்லி, அதுவே அதற்கு ஏற்றது என்றும் முடிவு கட்டிவிட்டோம். நமக்குக் குப்பை தீர்ந்தது, புண்ணியமும் சேர்ந்தது. இவ்வளவு வசதியான நம்பிக்கையை யார்தான் சோதித்துப் பார்ப்பார்கள்?

சோதித்துப் பார்ப்போம். எல்லாரும் முதலில் எடுத்து வைக்கும் வாதம் இது: "நாய் வயிறு எலும்பையே கரைச்சிரும்." இதில் பாதி உண்மை. நாயின் இரைப்பையில் சுரக்கும் அமிலம் கடுமையானது. எலும்பில் உள்ள சுண்ணாம்பை அது இளக்கிவிடும். ஆனால் வாயில் போட்ட எலும்பு நேராக இரைப்பையில் போய் விழுவதில்லை. நடுவே உணவுக்குழாய் இருக்கிறது. அங்கே அமிலம் கிடையாது. எதையும் கரைக்கும் வேலை அதற்கு இல்லை. தசை சுருங்கி விரிந்து, வந்ததைக் கீழே தள்ளுவது மட்டுமே அதன் வேலை. அந்தக் குழாய் மூன்று இடங்களில் நெருக்கிப் பிடிக்கிறது: கழுத்திலிருந்து மார்புக்குள் நுழையும் இடம், இதயத்தின் அடிப்பாகத்தை ஒட்டிய இடம், உதரவிதானத்தைத் தாண்டுவதற்குச் சற்று முந்திய இடம். எலும்பு சிக்குவது பெரும்பாலும் இங்கேதான். மருத்துவர் எக்ஸ்ரே எடுத்தால் கண் முதலில் போவதும் இந்த மூன்று இடங்களுக்கே.

சிக்கிய எலும்பை எடுக்க, மருத்துவர்கள் வாய் வழியாகக் கேமரா பொருத்திய குழாயை விடுகிறார்கள். வெளியே இழுக்க முடிந்தால் இழுப்பார்கள். முடியாவிட்டால், பல சமயம் மெதுவாக இரைப்பைக்குள் தள்ளிவிடுவார்கள். அங்கே அமிலம் பார்த்துக்கொள்ளும் என்பது அவர்களுக்குத் தெரியும். வயிறு எலும்பைக் கரைக்கும் என்ற வாதத்தின் முழுக் கதையும் இதுதான். போய்ச் சேர்ந்தால் கரையும். போய்ச் சேருமா என்பதுதான் கேள்வி.

போய்ச் சேராமல் போவதற்கு நாயின் வாயும் ஒரு காரணம். நாய்க்கு 42 பற்கள். தாடையோ மேலும் கீழும்தான் அசையும். மாட்டைப் போலப் பக்கவாட்டில் அசைத்து அரைக்க அதனால் முடியாது. வெட்டும், நொறுக்கும், விழுங்கும். பக்கத்தில் இன்னொரு நாய் நின்றால் நொறுக்குவதும் போய், நேரே விழுங்கல்தான்.

இந்த இடத்தில் நம் ஊர்க் கறிக்கடையைப் பற்றிக் குறிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். நாயின் தலை அளவுக்கு ஒரே முழு எலும்பைக் கொடுத்தால் நாய் அதை விழுங்கப் பார்க்காது, உட்கார்ந்து கடிக்கும். அதிலும் ஆபத்து உண்டு என்றாலும் அது வேறு வகை. நம் கடையில் கிடைப்பது கத்தியால் கட்டை மேல் வைத்துக் கொத்திய துண்டு. நம் குழம்புச் சட்டிக்கு ஏற்ற அளவு அது. அதே அளவுதான் ஒரு நாட்டு நாய் மெல்லாமல் விழுங்குவதற்கும் ஏற்ற அளவு. கத்தி பட்ட விளிம்பு கூர்மையாக இருக்கும். கழுத்தெலும்பு, முதுகெலும்புத் துண்டுகளில் இயற்கையாகவே நாலா பக்கமும் முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். குழாய்க்குள் போய்க் குறுக்கே நிற்பதற்கு இதைவிடத் தோதான வடிவம் கிடையாது.

குழாய்க்குள் நின்ற எலும்பு சும்மா இருப்பதில்லை. குழாயின் சுவர் அதன் மேல் சுருங்கிச் சுருங்கி இறுகுகிறது. அழுத்தம் தாங்காமல் அந்த இடத்துத் தசை செத்து, ஓட்டை விழுந்தால் எச்சிலும் உணவும் மார்புக்குள் இறங்கிச் சீழ் பிடிக்கும். இதற்கு ஒன்றிரண்டு நாள் போதும். அதற்குள் வீட்டில் இருப்பவர்கள், "என்னமோ சாப்பிட மாட்டேங்குது, ஒரே எச்சிலா வடியுது, வெயிலுக்கா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். கழுத்தை நீட்டி நீட்டி விழுங்கப் பார்ப்பது, தின்றதும் அப்படியே வெளியே வருவது, நிற்காமல் எச்சில் ஒழுகுவது ஆகியவை வெயிலின் வேலை அல்ல. எலும்பு குரல்வளை வாசலில் சிக்கிவிட்டாலோ நாள் கணக்குப் பேச்சே இல்லை. நாக்கு நீலம் பாரித்துச் சில நிமிஷங்களில் எல்லாம் முடிந்துவிடும்.

"வேக வைத்ததைத்தான் போடக் கூடாது, பச்சை எலும்பு போடலாம்" என்று சிலர் ஒரு படி இறங்கி வருவார்கள். வெந்த எலும்பு கூடுதல் ஆபத்து என்பது சரி. எலும்புக்கு நெகிழ்வு கொடுக்கும் புரதம் சூட்டில் கெட்டு, ஈரம் வற்றி, கடித்தால் ஊசி ஊசியாகச் சிலும்பும். பிரியாணியில் கிடந்த கோழிக்கால் எலும்பைக் கையால் ஒடித்துப் பாருங்கள், தெரியும். ஆனால் அந்த உண்மையால் பச்சை எலும்பு சாதுவாகிவிடாது. உணவுக்குழாயின் அகலம் பச்சைக்கு ஒன்று, வெந்ததற்கு ஒன்று என்று இல்லை. பச்சையோடு சால்மோனெல்லா போன்ற கிருமிகளும் வீட்டுக்குள் வரும். நாயின் வாயிலிருந்து குழந்தையின் கைக்கு வெகுதூரம் இல்லை. காட்டில் ஓநாய் தின்னவில்லையா என்பார்கள். தின்கிறது, விலையும் கொடுக்கிறது. பெரிய வேட்டை விலங்குகளின் மண்டையோடுகளை ஆராய்ந்து பிளேர் வான் வால்கன்பர்க் 1988ல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ நாலில் ஒரு விலங்குக்குப் பல் உடைந்திருந்தது. எலும்பை அதிகம் நொறுக்கும் கழுதைப்புலிகளில்தான் அது மிக அதிகம். பல் உடைந்த ஓநாய் பட்ட பாட்டை யாரும் பார்த்ததில்லை. பிழைத்து ஓடுகிற ஓநாயைத்தான் படம் பிடிக்கிறோம்.

தெருநாய் வாதமும் இதே ரகம்தான். "நம்ம தெருவுல எத்தனை நாய் எலும்பு திங்குது, எல்லாம் நல்லாத்தான இருக்கு?" நல்லா இருப்பவை மட்டும்தானே தெருவில் நிற்கும்? இல்லாமல் போனவை வாய்க்கால் ஓரத்திலும் முள்ளுக்காட்டிலும் கிடந்து, மாநகராட்சி வண்டியில் ஏறிப் போய்விட்டன. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பு இந்தியாவில் தெருநாய்கள் சுமார் 1.53 கோடி என்றது. எத்தனை இருக்கின்றன என்று எண்ணினோம். ஒரு தெருநாய் எதனால் செத்தது என்று எந்தத் தெருவில் யார் கேட்டிருக்கிறோம்?

கால்சியம் வாதத்தை நான் மரியாதையோடு எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில் அக்கறை இருக்கிறது. நம் பக்கத்து ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னிக் குட்டிகளை வளர்ப்பவர்கள், கால் நேராக நிற்க வேண்டுமே என்று எலும்பு கொடுக்கிறார்கள். 2005ல் தபால்தலையில் ஏறிய பெருமை ராஜபாளையத்துக்கு உண்டு. அதை நன்றாக வளர்க்க நினைப்பது நியாயம். ஆனால் பெரிய உடம்பு வகைக் குட்டிகளுக்கு முதல் ஆறு மாதத்தில் கூடுதல் கால்சியத்தைத் தடுத்து நிறுத்தும் திறன் போதாது. அளவு தெரியாமல் போய்ச் சேரும் சுண்ணாம்பு, எலும்பு வளர்ச்சியைக் கோணலாக்கும். குறைந்தாலும் கோணல், கூடினாலும் கோணல். வெறும் சோறும் கறியும் தின்னும் குட்டிக்குக் கால்சியம் குறையும் என்பது நிஜம்தான். அதற்கு மாட்டாஸ்பத்திரியில் எடை பார்த்து அளவு சொல்வார்கள். மருந்தும் உண்டு, முட்டை ஓட்டுப் பொடியும் உண்டு. தொண்டையில் சிக்கும் வடிவத்தில்தான் அது போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

படித்தவர்கள் வேறு பக்கம் ஏமாறுகிறார்கள். கறிக்கடை எலும்பு அசுத்தம் என்று ஒதுக்கிவிட்டு, பெட் ஷாப்பில் தொங்கும் பாக்கெட்டை வாங்குகிறார்கள். இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்ட அந்த வெள்ளை 'எலும்பு' மாட்டுத் தோலின் உள்பக்கத்து அடுக்கை உரித்துக் காயவைத்தது. எச்சிலில் ஊறினால் வழவழப்பாகி உப்பும். கடைசித் துண்டு வாய்க்குள் அடங்கும் அளவுக்குச் சிறுத்ததும் நாய் அதை லபக்கென்று விழுங்கும். எக்ஸ்ரேயில் எலும்பு தெளிவாகத் தெரியும். தோல் அப்படித் தெரியாது. புகையூட்டிப் பாக்கெட் போட்டு விற்கும் நிஜ எலும்புகளும் இருக்கின்றன. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010லேயே நாய்க்கு எலும்பு கொடுக்காதீர்கள் என்று பத்துக் காரணம் எழுதியது. 2017ல் இந்தப் பாக்கெட் எலும்புகளைப் பற்றித் தனியாக எச்சரித்தது: தனக்கு வந்த 68 புகார்களில் சுமார் 90 நாய்கள் பாதிக்கப்பட்டதாகவும், ஏறத்தாழ 15 நாய்கள் செத்ததாகவும் சொன்னது. மூச்சடைப்பு, குடலடைப்பு, வாய்க்காயம், ஆசனவாயில் ரத்தம் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. விலை கொடுத்து வாங்குவதாலும் மேலே நாய்ப் படம் போட்டிருப்பதாலும் தொண்டை அகலமாகிவிடாது.

இன்னொரு பழக்கத்தைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், விட்டுவிடுங்கள். மீன் முள் தொண்டையில் குத்தினால் நாம் சோற்று உருண்டையோ வாழைப்பழமோ விழுங்குவோம். அதே வைத்தியத்தை நாய்க்கும் செய்கிறார்கள். ஏற்கெனவே அடைத்த குழாயில் மேலும் அடைப்பதுதான் அது. எலும்பு இன்னும் ஆழமாகக் குத்தும். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைப்பதும் கூடாது, கூர்முனை திரும்பி வரும்போது கிழித்துக்கொண்டு வரும். நாய் இருமிக்கொண்டிருந்தால் இருமட்டும். மூச்சு போய் வருகிறது என்று அர்த்தம், தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மூச்சே விட முடியாமல் வாயைப் பிறாண்டினால் வாயைத் திறந்து பாருங்கள். பொருள் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் பிடித்து இழுங்கள். தெரியாததைத் தேடி விரலை விட்டால் உள்ளே தள்ளிவிடுவீர்கள். பெரிய நாய் என்றால் பின்னால் நின்று இரு கையாலும் வயிற்றைச் சுற்றிப் பிடித்து, விலா எலும்பு முடியும் இடத்துக்குக் கீழே முஷ்டியை வைத்து, மேலும் முன்னும் சேர்ந்தாற்போல வேகமாக அழுத்த வேண்டும். சின்ன நாயை அதன் முதுகு உங்கள் நெஞ்சில் படும்படி பிடித்துக்கொண்டு, அளவான பலத்தில் அதையே செய்யலாம். துண்டு வெளியே வந்து விழுந்தாலும் மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும்.

நாய்க்கு என்னதான் போடுவது என்று கேட்பவர்களுக்குப் பதில் கைவசம் இருக்கிறது. கடைக்காரரிடம் எலும்புக்குப் பதிலாக ஜவ்வும் கொழுப்பு நீக்கிய கழிவுக் கறியும் கேளுங்கள். பத்து இருபது ரூபாய் ஆனால் ஆகட்டும். எலும்பை நீங்களே கொதிக்க வையுங்கள், வடிகட்டுங்கள், அந்தச் சாற்றைச் சோற்றில் பிசைந்து போடுங்கள். வெங்காயம் சேர்க்க வேண்டாம். வெங்காயம் நாயின் ரத்த அணுக்களை உடைக்கும். மிஞ்சிய குழம்பை அப்படியே ஊற்றுவதும் அதனால்தான் தப்பு. கடிக்க ஏதாவது வேண்டும் என்றால், வாய்க்குள் முழுதாகப் போகாத அளவில் ரப்பர் பொம்மை போதும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத எதையும் கடிக்கக் கொடுக்கக் கூடாது என்பது பல் பார்க்கும் கால்நடை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு.

தெருநாய்களுக்கு உணவிட வார்டுதோறும் தனி இடம் ஒதுக்கச் சொல்லி 2025 ஆகஸ்ட் 22ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எங்கே போடுவது என்று ஊரெல்லாம் பேசினோம். எதைப் போடுவது என்று பேசவில்லை. மதுரையில் அதைப் பேச வேண்டிய இடங்கள் நிறைய. பாண்டி கோயிலில் கிடா வெட்டிப் பந்தி வைக்கிறோம். வடக்கம்பட்டி முனியாண்டிக்குப் பிரியாணி படைக்கிறோம். காதுகுத்து, வசந்த விழா என்று மண்டபத்துக்கு மண்டபம் இலை விழுகிறது. பந்தி முடிந்ததும் எலும்போடு இலையைக் கொண்டுபோய்ச் சுவரோரம் கொட்டுகிறோம், நாய்கள் கூடி அடித்துக்கொண்டு அவசர அவசரமாக விழுங்குகின்றன. விருந்து வைப்பவர்கள் இலை எடுக்கும் ஆளிடம் ஒரு வாளி கூடுதலாகக் கொடுத்து, எலும்பைத் தனியே பொறுக்கிப் போடச் சொல்லட்டும். தோப்பிலோ கோயில் நிலத்திலோ விருந்து என்றால், சமையலுக்கு அடுப்புக்குழி வெட்டும்போதே நாய் தோண்ட முடியாத ஆழத்தில் இன்னொரு குழியும் வெட்டி, எலும்பை அதில் கொட்டி மூடட்டும். மண்டபம் என்றால் பையை இறுகக் கட்டித் தூய்மைப் பணியாளர் கையில் கொடுக்கட்டும், தொட்டிக்கு வெளியே வைத்துவிட்டுப் போக வேண்டாம்.