விறகுக் கணக்கு

இந்த இமாசலக் குளிரில் நம் விடுதி முற்றத்து ஹமாம், அதாவது வெந்நீர்க் கொப்பரை, சென்ற மாதம் இரு மடங்கு விறகைத் தின்றது. கவனித்துக்கொள்ளும் பெரியவர்மேல் பழி விழுந்தது. நானும் ஐயுற்றேன், பிறகுதான் கணக்குப் போட்டேன்.

ஐம்பது பேர், ஆளுக்கு 20 லிட்டர். ஆயிரம் லிட்டரை 10 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு ஏற்ற 30,000 கிலோ கலோரி வேண்டும். காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 3,500 தரும். ஒன்பது கிலோ போதுமே என்கிறீர்களா? திறந்தவெளியில் மூன்றில் இரு பங்கு வெப்பம் புகையோடும் காற்றோடும் போகிறதென்று வைத்தால், நாளைக்கு 26 கிலோ. பச்சை மரமோ பாதி எடை தண்ணீர், வெப்பமும் பாதிதான். ஆகவே 52 கிலோ.

சென்ற மாதம் வந்தது பச்சை மரம். மலிவென்று வாங்கியவர்கள் மாணவர்களாகிய நாம். பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். மற்றவர்கள் எப்போது கேட்கப் போகிறீர்கள், நண்பர்களே?