லார்ட்ஸில் அந்த 38

1932 ஜூன் 25 அன்று சி.கே. நாயுடு தலைமையில் இந்தியா தன் முதல் டெஸ்ட் போட்டியை லார்ட்ஸில் தொடங்கியது. முகமது நிசாரின் வேகத்தில் இங்கிலாந்து சீக்கிரமே தடுமாறி, 19 ரன்னுக்கு 3 விக்கெட்டை இழந்தது. அதே மைதானம், அதே தேதி, 1983: கபில்தேவ் கையில் உலகக் கோப்பை. இறுதி ஆட்டத்தில் மேற்கிந்தியத் தீவுகளின் ரிச்சர்ட்ஸை வெளியேற்றிய கபிலின் கேட்ச்சைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு ஸ்ரீகாந்தின் 38 தான் பெரிது. ராபர்ட்ஸ், கார்னர், மார்ஷல், ஹோல்டிங் நால்வரையும் எதிர்த்துச் சென்னைப் பையன் அடித்த அந்த எண்ணிக்கையை, அன்று இரு அணியிலும் ஒருவர்கூடத் தொடவில்லை. வெறும் 183 ரன் எடுத்து 43 ரன் வித்தியாசத்தில் வென்ற ஆட்டத்தில் அது சதத்துக்குச் சமம். 2009இல் இதே நாளில் மைக்கேல் ஜாக்சன் 50 வயதில் மறைந்தார். அவரை நினைப்பது நியாயமே. ‘வரலாற்றில் இன்று’ எழுதுகிறவர்கள் நிசாருக்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டும்.