மூச்சோடு செல்லும் மருந்து



நள்ளிரவில் பச்சைப் பிள்ளை எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குத் திணறுவதைக் கண்டவர்களுக்கு அந்த இரவு ஒருநாளும் மறவாது. நானறிந்த ஒரு வீட்டில் மூன்று வயதுப் பெண் குழந்தைக்கு அவ்விதம் அடிக்கடி இழுப்பு வந்துகொண்டிருந்தது. மருத்துவர் இரண்டு இன்ஹேலர்களை எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் இழுப்பு நின்றது. "பிள்ளைதான் நன்றாக இருக்கிறதே, இதைப் பழக்கிவிட்டால் ஆயுளுக்கும் விடாது" என்றார் பெத்தம்மா. பெண் பிள்ளையாயிற்றே, நாளை நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே என்று உம்மாவும் அஞ்சினார். இரண்டு இன்ஹேலர்களும் அலமாரிக்குள் போய்விட்டன. அடுத்த மழைக்காலத்தில் சளி பிடித்தபோது, உதடு நீலம் பாரித்த நிலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஆனால், அன்பின் காரணமாகச் செய்த ஒரு செயல் ஆபத்தில் கொண்டுபோய் விட்டதல்லவா? அந்த அச்சத்திற்கு அடிப்படை உண்டா என்பதை இம்மாதம் ஆராய்வோம்.

ஆஸ்துமா உள்ள பிள்ளையின் மூச்சுக்குழாய்களில் இரண்டு கோளாறுகள் உள்ளன. ஒன்று, குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகிக்கொள்வது. மற்றொன்று, குழாயின் உட்சுவர் வீங்கிச் சளி கட்டுவது. இரண்டுக்கும் தனித்தனி மருந்து. தசையைத் தளர்த்துவது சால்பியூட்டமால். சில நிமிடங்களில் பலன் தரும். சில மணி நேரத்தில் அதன் வேகம் அடங்கிவிடும். வீக்கத்தைத் தணிப்பவை பியூடசோனைடு, பெக்லோமெத்தசோன் போன்ற தடுப்பு மருந்துகள். இவை அந்த நேரத் திணறலைத் தீர்க்கமாட்டா. நாள்தோறும் கொடுத்துவந்தால் சில வாரங்களில் முழுப் பலன் தெரியும். பிள்ளை நன்றாக இருப்பது இந்தத் தடுப்பு மருந்தினால்தான். அந்த நலத்தையே காரணமாகக் காட்டி மருந்தை நிறுத்துவது, கூரை ஒழுகவில்லை என்று ஓட்டைப் பிரித்தெறிவதற்கு ஒப்பாகும். எப்போது குறைப்பது, எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

"அப்படியானால் சிரப்பாகவே கொடுத்துவிடலாமே" என்று கேட்பீர்கள். கணக்கைப் பாருங்கள். சால்பியூட்டமால் சிரப் வழக்கமாக 5 மில்லியில் 2 மில்லிகிராம் மருந்தைக் கொண்டது. இன்ஹேலரின் ஓர் அழுத்தத்தில் வருவதோ 100 மைக்ரோகிராம். அதாவது இருபதில் ஒரு பங்கு. சிரப் வயிற்றுக்குப் போய், இரத்தத்தில் கலந்து, உடலெங்கும் சுற்றிவிட்டு நுரையீரலைச் சேர்கிறது. ஆகவேதான் கைநடுக்கமும் நெஞ்சுப் படபடப்பும் அதில் மிகுதி. மூச்சோடு போகும் மருந்தோ நேரே நோயுள்ள இடத்தைச் சேர்கிறது.

இந்தக் கருவி பிறந்ததற்கே ஒரு பிள்ளைதான் காரணம். 1955-ல் அமெரிக்காவில் ரைக்கர் என்னும் மருந்து நிறுவனத் தலைவரின் 13 வயது மகள், தலைமுடிக்குத் தெளிக்கும் ஸ்பிரேயைப் போல ஆஸ்துமா மருந்தையும் ஏன் அடைக்கக்கூடாது என்று தந்தையிடம் கேட்டாள். மறு ஆண்டே அழுத்தக் குப்பியில் அடைத்த இன்ஹேலர் விற்பனைக்கு வந்தது.

ஆனால் குப்பியை அழுத்தும் அதே நொடியில் மூச்சை உள்ளிழுக்கச் சிறு பிள்ளைக்குத் தெரியாது. அதற்காகவே ஸ்பேசர் என்னும் குழல் இருக்கிறது. நான்கு வயதுக்குக் கீழ் அதனோடு முகமூடியும் வேண்டும். குப்பியை நன்றாகக் குலுக்குங்கள். மூக்கும் வாயும் மூடும்படி முகமூடியை இடைவெளியின்றிப் பொருத்துங்கள். ஒருமுறை அழுத்தி, பிள்ளை ஐந்து முதல் பத்து மூச்சு விடும்வரை எடுக்காதீர்கள். அடுத்த அழுத்தம் வேண்டுமானால் மறுபடியும் குலுக்கித் தொடங்குங்கள். பிள்ளை அழும்போது மருந்தில் பெரும்பகுதி நுரையீரலை எட்டாது. மடியில் வைத்துச் சமாதானப்படுத்திய பின் கொடுங்கள். தடுப்பு மருந்து கொடுத்தபின் முகத்தைத் துடைத்து, வாய் கொப்பளிக்கச் செய்யுங்கள்; இயலாத குழந்தைக்குத் தண்ணீர் புகட்டுங்கள். ஸ்பேசரைச் சோப்பு நீரில் கழுவித் துணியால் துடைக்காமல் தானே உலர விடுங்கள். துடைத்தால் உள்ளே மின்னூட்டம் ஏறி மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

நெபுலைசர் இயந்திரம்தான் உயர்ந்தது என்று எண்ணுவோரும் உண்டு. சாதாரண, நடுத்தரத் திணறலில் ஸ்பேசர் அதற்குச் சற்றும் குறைந்ததன்று என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஸ்டீராய்டு என்றதும் பயம் வருவது இயல்பே. தடுப்பு மருந்துகள் ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்தவைதாம்; ஆனால் அளவோ மைக்ரோகிராமில். பியூடசோனைடை ஆண்டுக்கணக்கில் எடுத்த பிள்ளைகளைப் பெரியவர்களாகும்வரை தொடர்ந்து பார்த்து 2012-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, உயரத்தில் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைந்ததாகக் கண்டது. குறைவு உண்மை, அதை மறைக்கவில்லை. மூச்சுத் திணறலின் ஆபத்தோடு அதை ஒப்பிட்டு நீங்களே சீர்தூக்கிப் பாருங்கள். மேலும், இது அடிமைப்படுத்தும் மருந்தன்று.

ஒன்றை மறவாதீர்கள். சிறு வயதில் வரும் இழுப்பெல்லாம் ஆஸ்துமா ஆகாது. சளிக் கிருமியால் மட்டும் வந்து, வளர வளர நின்றுவிடுவதும் உண்டு. வேர்க்கடலை தின்றுகொண்டிருந்த பிள்ளைக்குத் திடீரென்று இருமலும் இழுப்பும் வந்தால், கடலை மூச்சுக்குழாயில் சிக்கியிருக்கக்கூடும். ஆகவே அடுத்த வீட்டுப் பிள்ளையின் இன்ஹேலரை இரவல் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்வாங்குதல், பேசவோ பால் குடிக்கவோ இயலாமை, உதடு நீலம் பாரித்தல், சோர்ந்து விழுதல் — இவற்றுள் ஒன்றைக் கண்டாலும், அல்லது திணறல் நீங்கி மூன்று நான்கு மணி நேரத்திற்குள் மறுபடி வந்தாலும் தாமதியாதீர்கள். மருத்துவர் எழுதித் தந்தபடி சால்பியூட்டமாலை ஸ்பேசரில் கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்கு விரையுங்கள். தமிழ்நாட்டில் 108-ஐ அழைக்கலாம்.

வீட்டில் பீடி, சிகரெட், கொசுவர்த்திச் சுருள், தலைக்கு ஊற்றியபின் குழந்தைக்குக் காட்டும் சாம்பிராணி ஆகியவற்றின் புகையும் அந்தச் சிறு குழாய்களைச் சீண்டும். பாரம்பரியமானாலும் இழுப்புள்ள பிள்ளைக்குச் சாம்பிராணி வேண்டாம். துவட்டிய தலை தானே உலரும்.

அந்தப் பெண் குழந்தை இப்போது பள்ளிக்குப் போகிறது. காலையும் இரவும் தடுப்பு மருந்தைத் தவறாமல் நேரம் பார்த்துக் கொடுப்பவர் அதே பெத்தம்மாதான். நீல நிற இன்ஹேலர் புத்தகப் பையில் இருக்கிறது. ஆசிரியைக்கும் சொல்லி வைத்திருக்கிறார்கள். மறைக்க வேண்டிய குறையாக அவ்வீட்டார் இன்று அதைக் கருதுவதில்லை. உங்கள் வீட்டு அலமாரியிலும் அப்படியொன்று பூட்டிக் கிடக்கிறதா? இன்றே வெளியில் எடுத்து மருத்துவரிடம் கொண்டுசென்று கேளுங்கள்.