கைபேசியில் வரும் ஆராதனை

மராட்டிய மாநிலத்தில் 2020 மார்ச்சில் அடைக்கப்பட்ட வழிபாட்டுத் தலங்கள் நவம்பர் 16 அன்றுதான் மீண்டும் திறந்தன. ஏறக்குறைய அந்த 8 மாதங்களும் மும்பையின் பல தமிழ்ச் சபைகளில் ஞாயிறு ஆராதனை கைபேசி வழியாகவே நடந்தது. ஆலயம் திறந்த பின்னும் ஒளிபரப்பைத் தொடரும் சபைகள் உண்டு. அது வரவேற்கத்தக்கதே. இரவுப் பணி முடித்து வரும் தொழிலாளிக்கும், படுக்கையில் கிடக்கும் முதியவருக்கும், தமிழ் ஆராதனையே இல்லாத ஊரில் வேலை பார்க்கும் குமாஸ்தாவுக்கும் பிரசங்கமும் கீர்த்தனையும் தாய்மொழியில் கிடைக்கின்றன.

ஆனால், பாளையங்கோட்டை ஆராதனையைத் தாராவியில் இருந்தபடியே பார்த்துவிட்டு, அடுத்த தெருவிலுள்ள சபைக்குப் போகாமல் இருப்பது சரியா? சொந்த ஊர்ப் போதகரின் பிரசங்கம் காதுக்கு இனிக்கலாம். வேலை இழந்தவருக்கு வேறு வேலை தேடித் தருவதும், ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பதும், அடக்க ஆராதனைக்கு வந்து நிற்பதும் இங்குள்ள சபையார்தான். திருவிருந்தின் அப்பமும் திராட்சரசமும் கைபேசியில் வருவதில்லை.

சபைகளுக்கும் கடமை உண்டு. ஒளிபரப்பை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணி மகிழ்வதோடு நிற்காமல், ஆலயத்துக்கு வராதவர் யார், ஏன் வரவில்லை என்று விசாரிக்க வேண்டும். பாடல் வரிகளைத் திரையில் பெரிய தமிழ் எழுத்தில் காட்டினால், மராத்தியில் படிக்கும் பிள்ளைகளும் எழுத்துக்கூட்டிப் பாடுவார்கள்.

வர இயலாதவருக்கு உதவும் ஏற்பாடு, வரக்கூடியவருக்குச் சாக்காகிவிடக் கூடாது.