கோடு எங்கே ஸார்?

துரத்தல் காட்சி. ஹீரோ ஒரு ஷாட்டில் வலப்பக்கம் ஓடுகிறார், அடுத்ததில் இடப்பக்கம். வீட்டில் எதையோ மறந்துவிட்டாரா என்று உங்களுக்கும் தோன்றியிருக்கும். ஓடுகிற திசையில் ஒரு கற்பனைக் கோடு. காமிரா அதற்கு ஒரே பக்கம், 180 டிகிரிக்குள் நிற்கவேண்டும். தாண்டினால் இடம் வலமாகிவிடும். கேட்டால் ‘ஸ்டைல் ஸார்’ என்கிறார்கள்.

குரோசாவா ‘செவன் சாமுராய்’ (1954) க்ளைமாக்ஸைக் கொட்டும் மழையில் பல காமிராக்கள் வைத்து எடுத்தார். ஆனால், முன்பே கிராமத்தின் வரைபடத்தைக் காட்டி, வேலி எங்கே, தண்ணீர் விட்ட வயல் எங்கே என்று நம் மனசில் பதித்துவிட்டார். அதனால்தான் குதிரைச் சத்தம் கேட்டதும் வயிற்றைக் கலக்குகிறது. யார் எங்கே என்றே புரியாவிட்டால் பயமா வரும்? தலைவலிதான் வரும்.

‘ஓசு தாண்டவில்லையா?’ என்று சண்டைக்கு வராதீர்கள். தாண்டினார். அவருக்குக் கோடு எங்கே இருக்கிறது என்று தெரியும்.